புதுச் செருப்பு மட்டுமா கடிக்கும்?

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள் நிற்கிறதா? கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஹேண்டில் பாரில் ஈரத் துண்டு காய்கிறதா? கேரியரில் பழைய பேப்பர் கட்டு உட்கார்ந்திருக்கிறதா? அப்படியானால் இந்தப் பக்கத்தை நீங்கள் புரட்டிவிடக் கூடாது!

அந்த சைக்கிளை வாங்கிய கதையை நானே சொல்லிவிடுகிறேன். 'சுகர் எல்லையைத் தொட்டுடுச்சு. தினமும் அரை மணி நடங்க, இல்லேன்னா சைக்கிள் ஓட்டுங்க' என்று டாக்டர் சொல்லியிருப்பார். நீங்களும் வீராப்பாகக் கடைக்குப் போய், கியர் எத்தனை, பிரேக் எப்படி, நீலத்தில் கிடைக்குமா என்று பதினைந்து கேள்வி கேட்டிருப்பீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஜோராகப் போயிருக்கும். திங்கட்கிழமை ஆபீஸ் நாற்காலியில் உட்காரும்போதுதான் சங்கதி தெரிந்திருக்கும். மெல்ல... ஓரமாக... முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். மூன்றாவது வாரம் சைக்கிள் துணிக்கொடியாகிவிட்டது.

ஏன் என்று யாராவது கேட்டால், 'வயசாயிடுச்சுங்க, இனிமே நமக்கு ஒத்துவராது' என்பீர்கள்.

இல்லீங்க. பெரும்பாலும் தப்பு உங்கள் வயசில் இல்லை. நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாங்கிய அந்த சீட்டில் இருக்கிறது. அதைவிட, அந்த சீட்டை உங்கள் உடம்புக்குப் பொருத்தாமல் விட்டதில் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் சைக்கிளை ஓரம் கட்டி, அதற்கு உடம்பால் விலை கொடுத்தவன் நான்.

அப்பாவின் சீட்

என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். சங்கு ஊதினால் கேட்டிலிருந்து சைக்கிள் சைக்கிளாகக் கொட்டும். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் ராலே சைக்கிளை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். காரணம், அதன் தோல் சீட். கருப்பாக வந்த சீட், வருஷக்கணக்கில் அப்பாவின் காக்கி பேண்ட் பட்டுப் பட்டு, பாக்கு நிறத்தில் பளபளத்தது. பின்பக்கம் இரண்டு மெல்லிய குழிகள். அப்பா உட்கார்ந்தால் அச்சில் வார்த்த மாதிரி பொருந்துவார்.

அவர் போன பிறகு ஒரு நாள் ஆசையாக அதில் ஏறி உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் தாங்க முடியவில்லை. குழி இருக்கிற இடம் வேறு, என் எலும்பு இருக்கிற இடம் வேறு. அவர் செருப்பு எனக்குப் பொருந்தாதது போல அவர் சீட்டும் பொருந்தவில்லை.

எனக்கு ஐம்பத்து நாலு வயசில் சுகர் வந்தது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னதும், அப்பா நினைவாக நானும் ஒரு தோல் சீட் வாங்கி மாட்டினேன். மரக்கட்டை போல இருந்தது. நாலு நாள் வலி. ஐந்தாம் நாள் பொறுமை போய்விட்டது. புதுச் செருப்பு கடித்தால் என்ன செய்வோம்? எண்ணெய் தடவுவோம் இல்லையா? அரைக் கிண்ணம் தேங்காய் எண்ணெயை சீட்டின் மேலும் கீழும் ஊற்றி, வெயிலில் வைத்துவிட்டேன்!

'என்னங்க, சீட்டுக்கு எண்ணெய்க் குளியலா?' என்று வீட்டுக்காரி சிரித்தாள். இரண்டே வாரத்தில் சீட் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதத்தில் ஏணை போலத் தொங்கிவிட்டது. நடுவில் பள்ளம், இரண்டு ஓரமும் மேலே. வலி குறையவில்லை, வேறு ஒன்று சேர்ந்துகொண்டது. இறங்கி நின்றால் தொடை இடுக்கில் உணர்ச்சியே இல்லை. மரத்துப் போயிருந்தது. அதை வீட்டில் சொல்லவும் கூச்சம், டாக்டரிடம் சொல்லவும் கூச்சம். கடையில் கேட்டேன். அதன் மேல் ஒரு மெத்தை உறையை விற்றார்கள். மரத்துப் போவது அதிகமானது. சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டேன். ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூணு மாத சராசரி எட்டைத் தாண்டிவிட்டது. மாத்திரை ஒன்று கூடியது.

ஒரு சீட்டால் ஒரு மாத்திரை! சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மெத்தென்றிருந்தால் நல்லதா?

இங்கேதான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். கடையில் சீட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறோம். உள்ளே போனால் 'ஆஹா, சுகமா இருக்கும்' என்று முடிவு கட்டுகிறோம். கட்டை விரலா சைக்கிள் ஓட்டப் போகிறது?

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். மர ஸ்டூலிலோ திண்ணையிலோ நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் புட்டத்துக்கு அடியில் வையுங்கள். லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள். இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்துகிறதா? நம் பாரத்தைத் தாங்கவே அமைந்த எலும்புகள் அவை. சீட்டில் அவைதான் உட்கார வேண்டும். அவற்றுக்கு நடுவே இருக்கிற மெல்லிய பகுதி பாரம் தாங்குவதற்கில்லை. பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாயும் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன.

மெத்து மெத்தென்ற சீட்டில் என்ன நடக்கிறது? எலும்பு இரண்டும் பஞ்சுக்குள் புதைகின்றன. பிதுங்கிய பஞ்சு நடுவில் மேலெழும்பி, எங்கே அழுத்தக் கூடாதோ அங்கே அழுத்துகிறது. முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம், அரை மணி கழித்து நரகம். என் எண்ணெய்க் குளியல் சீட்டிலும் இதே கதைதான். தோல் தொய்ந்ததும் எலும்பு பள்ளத்தில் இறங்கியது. பாரம் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது.

இது வெறும் சௌகரியப் பிரச்னை இல்லை. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லை இருந்தது. அந்நாட்டு அரசின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கு இல்லாத சீட்டைக் கொடுத்து, ஆறு மாதம் ஓட்டச் சொல்லிப் பார்த்தது. முடிவு 2008-ல் வெளியானது. பெரும்பாலோருக்கு மரத்துப் போவது நின்றுபோயிருந்தது. ஆக, மரத்துப் போவது உடம்பின் பலவீனம் இல்லை. சீட் கொடுக்கும் அழுத்தம்.

பாய் சொன்ன பாடம்

ஒரு நாள் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில், எங்கள் தெரு முனை சைக்கிள் கடை பாய் என் சீட்டைப் பார்த்துவிட்டார். எழுபது வயசுக்காரர். தொங்கிப்போன தோலை விரலால் தட்டினார்.

'என்ன தம்பி, தோலைக் கொன்னுட்டீங்களே!'

'வலிச்சுது பாய், அதான் எண்ணெய் போட்டேன்.'

'தோலு உங்களுக்குப் பழகறதுக்கு முன்னாடி நீங்க அவசரப்பட்டுட்டீங்க. மிருதங்கத்துக்கு சுருதி சேர்க்கிறவரைப் பாத்திருக்கீங்களா? ஒரேயடியா ஓங்கி அடிப்பாரா? தட்டித் தட்டித்தானே கொண்டு வருவாரு?'

இவ்வளவுதான் பாடம். மீதியெல்லாம் விளக்கம்.

நாம் போடும் ஷூவில் பெரும்பாலும் இருப்பது குரோமியம் உப்பில் பதப்படுத்திய தோல். மென்மையாக இருக்கும். சைக்கிள் சீட்டுக்கு வேறு தோல் வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய கெட்டியான மாட்டுத்தோல். நம் ஊரிலேயே ஆவாரம் பட்டையில் தோல் பதனிடுவது பழைய தொழில்தானே! அப்படிப்பட்ட தோலுக்கு ஒரு குணம் உண்டு. உடம்புச் சூடும், வியர்வையின் லேசான ஈரமும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் பாரமும் சேர்ந்தால், அந்த இடம் மட்டும் மெல்ல இறங்கி, அந்த உருவத்திலேயே நின்றுவிடும். மற்ற இடம் விறைப்பாகவே இருக்கும். எலும்புக்குக் குழி, நடுவுக்குத் தொல்லை இல்லை. அப்பாவின் சீட்டில் நான் பார்த்த இரண்டு குழிகளின் ரகசியம் இதுதான். எண்ணெய் ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாகத் தொய்ந்துவிடும். கடிக்கிற செருப்புக்குச் செய்யும் வைத்தியம், இழுத்துக் கட்டிய தோலுக்கு ஆகாது.

இந்த வகை சீட்டுக்குப் பேர் போன புரூக்ஸ் கம்பெனி 1866-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தோல் சாமான் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. அதன் முதலாளி ஜான் போல்ட்பீ புரூக்ஸ் தன் குதிரை செத்துப்போனதும் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டினாராம். அதன் சீட் படுத்திய பாட்டில்தான் தானே ஒன்று செய்யக் கிளம்பி, 1882-ல் காப்புரிமை வாங்கினார் என்று அந்தக் கம்பெனி சொல்லும் கதை. பாருங்கள், நம் கஷ்டம் ஒன்றும் புதிதல்ல!

பழக்குவது எப்படி?

புது தோல் சீட் வாங்கியிருந்தால் முதல் வாரம் தினமும் கால் மணி நேரம் போதும். 'வாங்கியாச்சு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு இருபது கிலோமீட்டர் போறேன்' என்று கிளம்பாதீர்கள். வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டுங்கள். சீட் உங்களுக்குப் பழகுகிற அதே சமயத்தில் உங்கள் தசையும் தோலும் அதற்குப் பழகுகின்றன. வழக்கமாகச் சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். கெட்டியான தோலுக்கு ஆயிரம் வரைகூடப் போகலாம். தினம் எட்டு கிலோமீட்டர் என்றால் மூன்று மாதம். ஒரு பட்டுப் புடவைக்கு ரவிக்கை தைத்து வாங்கவே மூன்று வாரம் காத்திருக்கிறோம். வருஷக்கணக்கில் உழைக்கும் சீட்டுக்கு மூன்று மாதம் தரக் கூடாதா?

எண்ணெய்க்குப் பதில், கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த தோல் பசை கிடைக்கிறது. அதை ஆரம்பத்தில் ஒரு முறை அடிப்பக்கம் கொஞ்சம் தாராளமாகவும், மேலே மெல்லியதாகவும் தடவி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் போதும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். வேட்டியும் பிழைக்கும்!

மழைக்காலத்தில் மளிகைக் கடை பிளாஸ்டிக் பை ஒன்றை சீட்டுக்கு அடியில் சுருட்டி வையுங்கள். வெளியே நிறுத்தும்போது மாட்டிவிடலாம். நனைந்தே போனால், நிழலில் காற்றாட உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஊறிய சீட்டில் ஏறி ஓட்டினால் உருவமே கெட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பூத்தால் பயம் வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றில் வையுங்கள்.

சீட்டின் மூக்குக்கு அடியில் ஒரு நட்டு இருக்கும். தோலை இழுத்துப் பிடிப்பது அதுதான். 'கொஞ்சம் முறுக்கிப் பார்க்கலாமே' என்று கை துறுதுறுக்கும். புது சீட்டில் தொடவே தொடாதீர்கள். மாதக்கணக்கில் ஓட்டிய பிறகு, தோல் தொய்ந்து அடியில் இருக்கும் இரும்பு இடிக்க ஆரம்பித்தால் மட்டும் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தேவை என்றால் இன்னொரு கால் சுற்று. அவசரப்பட்டு முறுக்கினால் ரிவிட் இருக்கும் இடத்தில் தோல் கிழியும். பிறகு எந்தக் கொம்பனாலும் ஒட்ட வைக்க முடியாது.

தோல் சீட் இல்லாதவர்களுக்கும்!

'என்னது ரெக்ஸின் சீட்டுங்க' என்கிறீர்களா? இனிமேல் சொல்லப்போவது எல்லா சீட்டுக்கும் பொருந்தும். தோல் சீட்டுதான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, விலையும் அதிகம். இருக்கிற சீட்டைச் சரியான இடத்தில் வைத்தாலே பாதி வலி போய்விடும். ஒரு ஸ்பேனரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும்.

முதலில் உயரம். செருப்பு, ஷூ எது போட்டு ஓட்டுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுபோய், குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பதால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும்.

நம்மில் பலர் சிக்னலில் இரண்டு காலும் முழுசாகத் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கியே வைத்திருக்கிறோம். விளைவு, ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முன்பக்கம் வலிக்கிறது. 'சைக்கிள் ஓட்டி முட்டி போச்சு' என்று பழி சைக்கிள் மேல்! நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்றால் போயிற்று. முழங்காலின் பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரம். ஏற்றுவதோ இறக்குவதோ ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர். சீட்டைத் தாங்கும் கம்பியில் ஒரு எல்லைக் கோடு போட்டிருப்பார்கள். அது வெளியே தெரியும்படி ஏற்றாதீர்கள், ஆபத்து.

அடுத்தது சாய்வு. கொத்தனாரின் ரசமட்டம் கிடைத்தால் சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். மட்டமாக இருக்க வேண்டும். தோல் சீட்டுக்கு மூக்கு ஒரு இழை மேலே இருக்கலாம். மூக்கு ரொம்பத் தூக்கினால் நடுப்பகுதியை நெருக்கும். ரொம்பத் தாழ்ந்தால் நீங்கள் முன்னால் வழுக்கி, பாரம் கையில் விழுந்து, மணிக்கட்டு வலிக்கும்.

மூன்றாவது, முன்னே பின்னே நகர்த்துவது. பெடல் இரண்டும் தரைக்குச் சமமாக நிற்கும்போது, முன் பெடலில் இருக்கும் காலின் முழங்கால் முன்புறத்திலிருந்து சாவி கட்டிய நூலைத் தொங்க விடுங்கள். பெடல் அச்சுக்கு நேராக, அல்லது ஒரு விரற்கடை பின்னால் விழுந்தால் சரி.

சீட்டின் அகலமும் முக்கியம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட். குனிந்து ஓட்டுகிறவருக்கு ஒடுக்கமானது. பெண்களுக்கு அந்த எலும்பு முனைகளுக்கு நடுவே இடைவெளி பொதுவாகக் கூடுதல். வீட்டில் ஒரே சைக்கிளை அப்பா, அம்மா, பையன் மூன்று பேரும் அதே உயரத்தில், அதே சீட்டில் ஓட்டினால் ஒருவருக்காவது வலிக்காமல் என்ன செய்யும்? ஒவ்வொருவர் உயரத்துக்கும் கம்பியில் ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். பேண்ட் ஏறிவிட்டதை உடனே கவனிக்கிற நாம், சீட் தாழ்ந்துவிட்டதைக் கவனிப்பதில்லை.

எந்த வலியைப் பொறுக்கலாம்?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 'வலிக்கத்தான் செய்யும், பல்லைக் கடிச்சிக்கோ' என்பது ஒரு கட்சி. 'வலிக்குதா? விட்டுடு' என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை.

எலும்பு முனை இருக்கும் இரண்டு இடத்தில் மட்டும் லேசாகக் கன்றிப்போன மாதிரி வலி, ஓரிரு வாரத்தில் குறைந்துகொண்டே வந்தால், அது பழகுகிற வலி. பொறுக்கலாம். ஒரு நாள் ஓய்வு கொடுத்து மறுபடி ஏறலாம்.

மரத்துப் போவது, ஊசி குத்துவது போன்ற கூச்சம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், புண், கட்டி... இவை பழகுகிற வலி இல்லை, எச்சரிக்கை. உடனே இறங்குங்கள். சாய்வையும் உயரத்தையும் பாருங்கள். ஓட்டும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்று ரத்தம் ஓட விடுங்கள். அப்படியும் தொடர்ந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சுகர் உள்ளவர்கள் சின்னச் சிராய்ப்பையும் அலட்சியம் செய்யக் கூடாது. மூலம், புராஸ்டேட் கோளாறு, முதுகெலும்பு ஆபரேஷன் ஆனவர்கள் முதலிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.

முக்கியமாகப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இடத்து வலியை நீங்கள் யாரிடமும் சொல்வதில்லை. 'எனக்கு சைக்கிள் பிடிக்கலை' என்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். பிடிக்காதது சைக்கிள் இல்லை, சீட். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

என் கதையை முடித்துவிடுகிறேன். பாய் அந்தத் தொங்கிய சீட்டைக் கழற்றிப் போட்டார். இன்னொரு தோல் சீட், சரியான உயரம், ரசமட்டம், கால் மணி நேரம். ஆனியில் ஆரம்பித்தேன். தீபாவளிக்கு எண்ணெய் வாங்கப் போகும்போதுதான், வழியில் சீட்டைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது உறைத்தது. நல்ல சீட்டின் அடையாளம் அதுதானே! அடுத்த பரிசோதனையில் எண் எட்டுக்குக் கீழே வந்தது. கூடிய மாத்திரையை டாக்டர் நிறுத்தினார்.

போன வாரம் சீட்டைத் துடைக்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு மெல்லிய குழிகள் விழ ஆரம்பித்திருக்கின்றன. அப்பா சீட்டில் இருந்த மாதிரியே. ஆனால் இவை என்னுடையவை.

சரி, அந்தத் துண்டை ஹேண்டில் பாரிலிருந்து எடுங்கள். ஸ்பேனர் எங்கே என்று தேடுங்கள். நாளைக் காலையில் கால் மணி நேரம் போதும்!